கெட்டியானது கெட்டுப்போனதல்ல

ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலை அடிவரை பூசித் தீர்த்த யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? லிப்ஸ்டிக் தேய்ந்து குழிக்குள் போனாலும் தீக்குச்சியால் தோண்டி எடுக்கிறோம். பற்பசை டியூபைச் சுருட்டி, அழுத்தி, கடைசியில் கத்தரித்தும் விடுகிறோம். நெயில் பாலிஷிடம் மட்டும் இந்தச் சிக்கனம் பலிப்பதில்லை. தீபாவளிக்கு வாங்கியது பொங்கலுக்குள் கொஞ்சம் இழுக்க ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் பிரஷ்ஷைத் தூக்கினால் கூடவே நூல் நூலாக வரும். ஆடித் தள்ளுபடியில் புதுசு வந்ததும் பழசு குப்பைக்குப் போய்விடும், உள்ளே பாதி அப்படியே இருக்க.

தூக்கிப் போடப்படும் அந்தப் பாட்டில்களில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. நிறம் அங்கேயேதான் இருக்கிறது. பளபளப்பு தரும் பிசின் இருக்கிறது. நகத்தில் படலமாக நிற்கும் பொருளும் ஒரு துளி குறையவில்லை. ஓடிப்போனது கரைப்பான் மட்டும். அதே கரைப்பானை அளவாகத் திருப்பிக் கொடுத்தால் பாலிஷ் பழைய பதத்துக்கு வந்துவிடும். விவரம் தெரிந்த பார்லர்களில் இது சாதாரண வேலை. வீட்டில்தான் தப்பாக நடக்கிறது. காரணம், வீட்டில் கைக்கு எட்டுவது ரிமூவர்.

ரிமூவர் ஏன் கூடாது என்று சொல்வதற்கு முன்னால் பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். அந்தக் கதை நீலகிரி மலையில் உள்ள ஒரு வெடிமருந்து ஆலை வரை போகிறது.

வெடிமருந்தின் தங்கச்சி

சாதாரண நெயில் பாலிஷின் முதுகெலும்பு நைட்ரோசெல்லுலோஸ். பருத்தி நாரையோ மரக்கூழையோ நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் ஊறவைத்துச் செய்வது. 1846-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கிறிஸ்டியன் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் இதைச் செய்து காட்டியபோது, உலகம் அதில் கண்டது ஒரு வெடிபொருளைத்தான். பார்த்தால் வெறும் பஞ்சு. பற்றவைத்தால் கண்ணிமைப்பதற்குள் மிச்சமில்லாமல் எரிந்து போகும். குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலைக்கும் இதுவே ஆதாரப் பொருள். நைட்ரோசெல்லுலோஸையும் நைட்ரோகிளிசரினையும் அசிட்டோன் விட்டுப் பிசைந்து, கொஞ்சம் வாசலினும் சேர்த்து, இழையாக இழுத்தெடுத்தால் அந்நாளைய கார்டைட். அசிட்டோன், வாசலின் இரண்டும் இந்தக் கட்டுரையில் வேறு வேலையாக மறுபடி வரும்.

பயப்பட ஒன்றுமில்லை. நாரில் நைட்ரஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் குணம் மாறும். 13 சதவீதத்தைத் தாண்டினால் வெடிமருந்து. 12 சதவீதத்தை ஒட்டி நின்றால் கரைப்பானில் நன்றாகக் கரைந்து, காய்ந்ததும் கெட்டிப் படலமாகும் லேக்கர். இன்னும் குறைத்துச் சூடத்தோடு சேர்த்தால் செல்லுலாய்டு. சீப்பும் பொம்மையும் செய்த அந்தச் செல்லுலாய்டுதான் பிறகு சினிமாச் சுருளானது. தமிழின் முதல் பேசும் படமாகச் சொல்லப்படும் 1931-இன் ‘காளிதாஸ்’ வெளியான காலத்தில் திரையரங்குகளில் ஓடியது இந்த நைட்ரேட் சுருள்தான். நாளாக ஆகத் தானே சிதையும், தீப்பிடித்தால் அணைக்க முடியாது. காளிதாஸின் பிரதி ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை.

இந்தப் பொருளோடு ஆரம்பத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்த தொல்லை, கெட்டியாவது. கொஞ்சம் கரைத்தாலே கூழாகிவிடும். பூசுகிற அளவுக்கு நீர்க்க விட்டால், காய்ந்தபின் மிஞ்சும் படலம் மிக மெல்லியதாகிவிடும். 1920-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், டூபாண்ட் நிறுவனத்தின் பார்லின் ஆலையில், சினிமாச் சுருளுக்காகச் சோதித்துக்கொண்டிருந்த கரைசல் ஒன்று கவனிப்பாரில்லாமல் கிடந்து தானாகவே நீர்த்துப்போனதில்தான் விடை கிடைத்தது. செல்லுலோஸ் சங்கிலிகள் முறிந்து குட்டையானதால் அப்படி ஆயிற்று. இனி கரைசலைக் கெட்டியாக்காமலே நிறையப் பொருளைக் கரைக்கலாம். அதிலிருந்து பிறந்தது ‘டூகோ’ கார் பெயின்ட். வாரக்கணக்கில் இழுத்த கார் வர்ண வேலை அதனால் சில நாட்களுக்குள் சுருங்கியது. நகத்தின் பக்கம் வந்தால், அமெரிக்கச் சந்தையில் கியூட்டெக்ஸ் தன் திரவ நகப்பூச்சை ஏற்கெனவே 1917-இல் கொண்டுவந்திருந்தது. 1932-இல் ரெவ்லான் நிறுவனம் சாயத்துக்குப் பதில் நிறமிகளைப் போட்டு, நகம் தெரியாமல் மூடும் அழுத்தமான நிறங்களை இறக்கியது. இந்தியாவில் லக்மே வந்தது 1952-இல். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தக் கம்பெனி பாட்டிலையும் கியூட்டெக்ஸ் என்றேதான் கேட்டு வாங்குவார்கள்.

எது போயிற்று, எது மிச்சம்?

புதுப் பாட்டிலில் ஏறக்குறைய 70 சதவீதம் கரைப்பான்தான். மீதியில் நைட்ரோசெல்லுலோஸ், நகத்தோடு பிடித்து நிற்கப் பிசின், படலம் உடையாமல் வளைந்து கொடுக்க ஒரு மென்மையாக்கி, நிறமி, கொஞ்சம் களிமண். மென்மையாக்கியாகப் பல கம்பெனிகள் இன்றும் சூடத்தைப் போடுகின்றன. மூடியைத் திறந்ததும் வரும் வாடைக்குள் மெல்லிய கற்பூர வாசனை அடித்தால் அது உங்கள் பிரமையாக இருக்காது.

கரைப்பான் ஒன்றல்ல, பெரும்பாலும் இரண்டு. எத்தில் அசிடேட் 77 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், பியூட்டைல் அசிடேட் 126 டிகிரியில். கொதிநிலை குறைந்தது முதலில் பறந்து, பூசியது வழியாமல் நிற்க வைக்கும். மற்றது கொஞ்சம் தாமதித்து, பிரஷ் தடம் மறைந்து பூச்சு சமமாகும்வரை இருந்துவிட்டுப் போகும். இந்த ஜோடிப் பொருத்தத்தில்தான் வழுவழுப்பு இருக்கிறது.

மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எத்தில் அசிடேட்தான் அதிகம் பறக்கிறது. ஆக, பாட்டிலில் கரைப்பான் குறைகிறது, மிஞ்சியதில் மெதுவாகக் காயும் பங்கும் கூடுகிறது. பழைய பாலிஷ் கெட்டியாகவும் இருந்து, பூசினால் மணிக்கணக்கில் காயாமலும் போர்வையில் ஒட்டித் தொலைப்பது இதனால்தான். கெட்டியாக இருப்பது சீக்கிரம் காயும் என்று நினைத்துப் பூசுபவர்களுக்கு மறுநாள் காலை நகத்தில் தலையணை உறையின் நெசவு பதிந்திருக்கும்.

களிமண் விஷயம் தனி. ஹெக்டோரைட், பென்டோனைட் போன்ற களிமண்ணைக் கரைப்பானோடு சேரும்படி பதப்படுத்திப் போடுகிறார்கள். கனமான நிறமி அடியில் படியாமல் மிதக்க வைப்பது அதன் வேலை. அசையாமல் வைத்தால் கூழாக உறையும், அசைத்தால் இளகும். தக்காளி சாஸ் பாட்டிலைக் கவிழ்த்தால் வராமல் அடம்பிடித்து, தட்டியதும் குபுக்கென்று கொட்டும் அதே குணம். ஆறு மாதம் அலமாரியில் கிடந்த பாலிஷ் கெட்டியாகத் தெரிவதற்கு இந்தத் தூக்கம் மட்டுமே காரணமாக இருக்கலாம். அதனால் தின்னர் தேடி ஓடுவதற்கு முன், மூடியை இறுக்கி, பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து ஒன்றிரண்டு நிமிடம் உருட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்குக் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும்.

ரிமூவர் ஊற்றினால் என்ன ஆகும்?

ஊற்றியதும் நன்றாகத்தான் தெரியும். அதுதான் ஏமாற்று. அசிட்டோன் நைட்ரோசெல்லுலோஸைக் கரைக்கும் என்பதை அருவங்காட்டுக்காரர்கள் நூறு வருடத்துக்கு முன்பே அறிவார்கள். ஆனால் கடையில் விற்கும் ரிமூவரில் அசிட்டோனோடு தண்ணீர், நகம் வறளாமலிருக்க எண்ணெய் அல்லது கிளிசரின், வாசனை, சாயம் எல்லாம் இருக்கும். தண்ணீர் பட்டால் நைட்ரோசெல்லுலோஸ் கரைசலிலிருந்து பிரிந்து திப்பி திப்பியாகும். எண்ணெய் கலந்தால் பூச்சு நகத்தில் பிடிக்காமல் உரியும். ‘அசிட்டோன் இல்லாதது’ என்று போட்டிருக்கும் ரிமூவரில் எத்தில் அசிடேட் இருந்தாலும் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்தே இருக்கும்.

சரி, சுத்தமான அசிட்டோன் விட்டால்? அது 56 டிகிரியிலேயே கொதிப்பது. ஊற்றிய வேகத்தில் பறந்துவிடும், கொஞ்ச நாளில் மறுபடி அதே கெட்டி. இன்னொரு சங்கடமும் உண்டு. அவ்வளவு வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்துவிடும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் படிந்து, பளபளப்பை வெளுக்க வைத்துவிடும். மரச்சாமானுக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் அடிக்கும் பெயின்டர்கள் மழை நாளில் வேலையைத் தள்ளிவைப்பதும் இந்த வெளுப்புக்குப் பயந்துதான்.

பெயின்டர் என்றதும் ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் ஞாபகத்துக்கு வரலாம். லிட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கும், பாலிஷும் கரையும். வேண்டாம். அது மரத்துக்கும் இரும்புக்கும் ஆனது. டொலுயீனும் மெத்தனாலும் கலந்திருக்கலாம், டின்னின் மேல் அதெல்லாம் விவரமாக எழுதியிருக்காது. விரல் நுனியில் பூசி, அதே விரலால் சோறு பிசைந்து சாப்பிடுகிறோம். சானிடைசர், ஸ்பிரிட், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்று சுற்றிவரும் மற்ற யோசனைகளைப் பற்றித் தனித்தனியாக எழுதத் தேவையில்லை. எதிலும் உருப்படியில்லை.

சரியான மருந்து

நெயில் பாலிஷ் தின்னர் என்றே தனியாக விற்கிறார்கள். அழகுசாதனக் கடைகளிலும் பார்லர்களுக்குச் சரக்கு போடும் மொத்தக் கடைகளிலும் கேட்டால் கிடைக்கும். லேபிளில் எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் இரண்டும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பறந்துபோன அதே ஜோடி. ஒரு சிறு பாட்டில் தின்னர் வருடக்கணக்கில் வரும்.

முதலில் கழுத்தைத் துடைக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாட்டிலின் வாயிலும் மரையிலும் காய்ந்து அடையாக நிற்கும் பாலிஷ், மூடியை முழுசாக உட்கார விடாது. எவ்வளவு இறுக்கினாலும் மயிரிழை இடைவெளி இருக்கும், அதன் வழியே இரவும் பகலும் கரைப்பான் கசிந்துகொண்டே இருக்கும். நோய்க்குக் காரணத்தை விட்டுவிட்டு நோயாளிக்கு மட்டும் மருந்து ஊற்றிப் பயனில்லை. பஞ்சை ரிமூவரில் நனைத்துப் பிழிந்து, கழுத்தையும் மூடியின் உட்புறத்தையும் சுத்தமாகத் துடையுங்கள். ரிமூவருக்கு உரிய இடம் பாட்டிலுக்கு வெளியே மட்டும். உள்ளே சொட்டக் கூடாது.

பிறகு இரண்டு அல்லது மூன்று சொட்டு தின்னர். அதற்கு மேல் வேண்டாம். கண்ணாடி ட்ராப்பர் இருந்தால் நல்லது. தின்னரை ஊற்றி வைக்க தெர்மாகோல் கப், மெல்லிய பிளாஸ்டிக் டம்ளர் எடுத்தால் கப்பே கரைந்துவிடும். கண்ணாடியோ எவர்சில்வரோ எடுங்கள். மூடியை இறுக்கி மறுபடி உள்ளங்கையில் உருட்டி, தலைகீழாகவும் நிமிர்த்தியும் மாற்றி மாற்றிப் பிடித்துக் கால் மணி நேரம் ஓரமாக வையுங்கள். அடியில் கெட்டியாகப் படிந்தது கரைய நேரம் எடுக்கும். அவசரப்பட்டு அடுத்த மூன்று சொட்டை விடுகிறவர்கள்தான் கடைசியில் தண்ணீராக்கிவிட்டு முழிப்பார்கள். கூடுதலாகிவிட்டால் திருத்த வழி ஒன்றே. மூடியைத் திறந்து வைத்துக் காத்திருப்பது. அதாவது, கெடுத்த அதே காரியத்தை வேண்டுமென்றே செய்வது.

பதம் பார்ப்பது எளிது. பிரஷ்ஷைத் தூக்கினால் நுனியிலிருந்து துளி தானாகத் திரண்டு விழ வேண்டும். நூலாக இழுத்தால் இன்னும் ஒரு சொட்டு. தொங்காமல் ஓடினால் அளவு மீறிவிட்டது.

குலுக்கலாமா என்று ஒரு பட்டிமன்றமே உண்டு. குலுக்கினால் குமிழி வரும், அதனால் உருட்டத்தான் வேண்டும் என்பார்கள். பாட்டிலுக்குள் எஃகு உருண்டைகளைப் போட்டு வைத்திருப்பதே கலக்குவதற்குத்தானே என்று மறுபக்கம் கேட்கும். இரண்டிலும் பாதி நியாயம் இருக்கிறது. பதமான பாலிஷில் எழும் குமிழி கொஞ்ச நேரத்தில் மேலே வந்து உடைந்துவிடும். கெட்டியானதில் மாட்டிக்கொண்டு அப்படியே நகத்துக்கு வரும். எனவே வைத்தியம் நடக்கும்போது உருட்டுவது. குணமானபின் உங்கள் இஷ்டம்.

மூடியை இறுக்கிய பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் நிறுத்தி வைப்பதும் நல்ல உபாயம்தான். ஆனால் அது தற்காலிகம். சூட்டில் எந்தக் குழம்பும் இளகும், ஆறினால் பழையபடி. அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும், தின்னர் இல்லை என்றால் கைகொடுக்கும். மூடி திறக்க வராமல் மல்லுக்கு நின்றாலும் இதே வெந்நீர் வைத்தியத்தைச் செய்து, மூடியில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றித் திருகுங்கள். பிடி கிடைக்கும். அடுத்த தடவை ஒட்டாமலிருக்க, துடைத்த மரையில் வாசலினைத் தொட்டும் தொடாமலும் தடவுங்கள். கார்டைட்டில் இருந்த அதே வாசலின்தான்.

சூடாக்குவதை வெந்நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுப்பு, மைக்ரோவேவ், ஹேர் டிரையர் பக்கம் போகவே கூடாது. எத்தில் அசிடேட்டின் ஆவி நம் அறை வெப்பத்திலேயே பொறி பட்டால் பற்றும். அது காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும். பூஜை அறைக் குத்துவிளக்கு தரையில்தான் இருக்கிறது. ஜன்னலோரமாக உட்கார்ந்து, விளக்கும் கொசுவத்தியும் இல்லாத இடத்தில் இந்த வேலையைச் செய்வதுதான் முறை. குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

பிழைக்காத பாட்டில்கள்

எல்லாமே மீளாது. சாய்த்தால் அசையவே அசையாமல் பாறையாகிவிட்டதில் சொட்டு விட்டு ஓரிரவு வைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். கலக்கியபிறகும் பால் திரிந்ததுபோல் இருந்தால், அதில் ஏற்கெனவே யாரோ தண்ணீர் உள்ள எதையோ ஊற்றியிருக்கிறார்கள். கிளிட்டர் பாலிஷ் பிறவியிலேயே கெட்டி. ஜிகினாத் துகள் மிதக்க அந்தக் கெட்டி வேண்டும். அதை இளக்கினால் எல்லாம் அடிக்குப் போய், வெறும் கண்ணாடிப் பூச்சு மேலே நிற்கும். விரைவில் காயும் டாப் கோட் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு கெட்டியாகும். அதற்கென்றே தனித் தின்னர் விற்கும் கம்பெனிகளும் உண்டு, சிலவற்றில் டொலுயீன் இருக்கும். கர்ப்பிணிகள் அதிலிருந்து தள்ளியிருக்கலாம். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பாலிஷ்களுக்கு மேலே சொன்ன அசிடேட் தின்னர் விஷம்.

ஜெல் பாலிஷ் முற்றிலும் வேறு சாதி. அதில் ஆவியாக வேண்டிய கரைப்பானே பெரிதாக இல்லை. அதற்கென உள்ள புற ஊதா விளக்கின் ஒளி பட்டதும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாவதுதான் அதன் வழி. ஜன்னல் வெளிச்சத்திலோ அந்த விளக்குக்குப் பக்கத்திலோ திறந்து வைத்த ஜெல் பாட்டில் கெட்டியானால், கோத்தது கோத்ததுதான். எந்தத் தின்னரும் அதை அவிழ்க்காது. வெறும் குளிரால் தடித்திருந்தால் மட்டும் இளஞ்சூடு உதவும். பழைய ஜெல் பாட்டில் வைத்திருப்பவர்கள் லேபிளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஒளியில் உறைய வைக்கப் பயன்பட்ட டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டது.

வராமல் காப்பது

நம் ஊர் வீடுகளில் நெயில் பாலிஷின் முதல் எதிரி மின்விசிறி. பாட்டிலைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, மேலே ஃபேன் ஐந்தில் சுழல, பேசிக்கொண்டே பத்து விரலுக்கும் இரண்டு பூச்சு போடுவது நாம் ரசித்துச் செய்யும் காரியம். பாட்டில் அதற்குள் கணிசமான கரைப்பானை இழந்துவிடும். நகத்துக்கும் நல்லதல்ல. பூச்சு மேலே தோல் கட்டி உள்ளே காயாமல் குமிழியிடும். ஃபேனை நிறுத்துங்கள், ஒரு கைக்கும் மறு கைக்கும் நடுவே மூடியைப் போடுங்கள். மூடும்முன் கழுத்தைத் துடையுங்கள். இந்த மூன்றையும் செய்தால் தின்னரின் அவசியமே அரிதாகத்தான் வரும்.

வைக்கும் இடம் இருட்டாகவும் குளுமையாகவும் இருந்தால் போதும். பீரோவின் கீழ்த்தட்டு உத்தமம். ஃப்ரிட்ஜில் வைப்பவர்களைத் தடுக்க வேண்டியதில்லை, ஆனால் அவசியமும் இல்லை. எடுத்ததும் குளிரில் தடித்திருக்கும், அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். படுக்க வைத்தால் பாலிஷ் கழுத்துக்கு வந்து மரையில் காய்ந்து ஒட்டும், அதனால் நிமிர்த்தியே வையுங்கள். வாங்கும்போதே ஒரு கண் வேண்டும். ரங்கநாதன் தெருவிலோ ஊர்த் திருவிழாக் கடையிலோ வெயில் படும் கண்ணாடித் தட்டில் மாதக்கணக்கில் நின்ற பாட்டில், நம் கைக்கு வரும்போதே பாதி ஆயுளை முடித்திருக்கும். சாய்த்துப் பாருங்கள், உருண்டை உருளும் சத்தம் கேட்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். நிறம் பிரிந்து மேலே தெளிவு நிற்பது குற்றமல்ல, உருட்டினால் சேர்ந்துவிடும். வெயிலில் வெளுத்த நிறம் சேராது. லேபிளில் திறந்த டப்பா படத்துக்குள் 24 என்றோ 36 என்றோ எழுதி எம் என்ற எழுத்து போட்டிருந்தால், திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று பொருள்.

நகத்துக்கு உதவாத பாட்டிலுக்கும் வீட்டில் வேலை இருக்கிறது. ஒரே மாதிரி இருக்கும் சாவிகளில் ஆளுக்கொரு நிறம் தொட்டு வைக்கலாம். கழன்று கழன்று விழும் மூக்குக் கண்ணாடித் திருகாணியின் தலையில் ஒரு துளி வைத்தால் நிற்கும். நிறமில்லாத பாலிஷ் என்றால் கவரிங் நகையின் உட்பக்கம் ஒரு பூச்சு, ஜீன்ஸ் பட்டனின் பின்புறம் ஒரு பூச்சு. நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் அரிக்கும் தோலுக்கு அந்தப் படலம் தேயும்வரை கொஞ்சம் நிம்மதி. அதற்கும் உதவாது என்று ஆகிவிட்டால் வாஷ் பேசினில் மட்டும் ஊற்றாதீர்கள், குழாயின் உட்சுவரில் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். மிச்சத்தைப் பழைய செய்தித்தாளில் வழித்து, நெருப்பும் பிள்ளைகளும் அண்டாத மொட்டை மாடியில் முழுக்கக் காயவிட்டுக் குப்பையில் சேருங்கள். எஃகு உருண்டைகளைப் பொறுக்கித் துடைத்து வையுங்கள். அடுத்த பாட்டில் கெட்டியாகும்போது அதற்குள் போட்டுக் கலக்கலாம்.